அனுப்புமுன் ஒரு பார்வை

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலே யானை வாணிபம் சிறப்புற நடைபெற்றது. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகளை வாங்குதற்குக் கோல்கொண்டா முதலிய தேசத்து வணிகர் கடல் கடந்து வந்தனர். யானையின் உயரத்தை அளந்து, உறுப்புக்களை நேரிற் கண்டு, விலை தீர்ந்த பின்னரே அவை ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. கண்டு கொள்வதே அன்றைய வாணிப முறை.

இன்றோ, பருத்தித்துறையில் இருப்பவர் கொழும்புக் கடையொன்றில் இணையவழியே சட்டையும் சப்பாத்தும் வாங்குகின்றார். சாவகச்சேரியில் ஒருத்தி வீட்டிலிருந்து தைக்கும் பாவாடை சட்டை ரொறன்ரோவுக்குச் செல்கின்றது. வாங்குவோர் பொருளைத் தொட்டறிவதில்லை. கைத்தொலைபேசியில் தோன்றும் படமே அவருக்குக் கண்ணும் கையும் ஆகின்றது.

படங்கள் இரு வகைப்படும். ஒன்று, விளம்பரப்படம், அது நல்ல மாதிரியொன்றைக் காட்டும். மற்றையது, பொதி கட்டுமுன் அனுப்பப்படும் பொருளையே எடுத்த சோதனைப்படம். முன்னையது ஆசையை எழுப்புவது. பின்னையது உண்மையை உரைப்பது. மாதிரிப்படி விற்ற பொருள் மாதிரியையும், விவரித்து விற்ற பொருள் விவரத்தையும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது இலங்கையில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே கூறப்பட்ட நியதி. பொருள் புறப்படுமுன் அந்த ஒப்புமையைக் காண உதவுவது சோதனைப்படமே.

அப்படத்தை எவ்வாறு எடுத்தல் வேண்டும்? உடுப்பைச் சுருக்கமின்றி மேசையில் விரித்து, அளவுநாடாவை அதன்மேல் வைத்து, நேர் மேலிருந்து எடுத்தல் வேண்டும். சரிவாக எடுத்த படம் அளவைப் பொய்யாக்கும். மின்குமிழின் மஞ்சள் ஒளியில் வெள்ளை வேட்டியும் பழுப்பாகத் தோன்றுமாதலால், பகலொளியில், ஒரு வெள்ளைக் கடதாசியை அருகில் வைத்து எடுத்தல் நன்று. உட்புறத் தையலும், பொத்தான்களும், கட்டளை இலக்கம் எழுதிய துண்டும் படத்தில் அமைதல் வேண்டும்.

சப்பாத்தாயின் இரண்டையும் சேர்த்து, மேற்புறமும் அடிப்புறமும் காட்டுக. இரண்டும் ஒரே காலுக்குரியனவாய் வந்து சேர்வதும் உண்டு. இலக்கத்தை மாத்திரம் நம்புதலும் தகாது. ஆங்கில முறையில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பிய முறையிலோ சென்ரிமீற்றரில் மூன்றில் இரு பங்கு. ஆகவே வாங்குவோர் பாதத்தைக் கடதாசியில் வரைந்து, குதிகால் முதல் நீண்ட விரல் வரையுள்ள நீளத்தை மில்லிமீற்றரில் அறிவித்தலும், விற்போர் உள்ளடியை அளந்து காட்டுதலும் உத்தமம். மாலையிற் பாதம் சற்றே வீங்குமாதலின் அப்பொழுது அளத்தல் ஏற்றது.

ஆயினும் படம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. சாயம் போகுமா, ஒட்டு விடுமா என்பன கண்ணுக்குப் புலனாகா. நனைத்த வெள்ளைத் துணியாற் புடைவையின் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தலும், சப்பாத்தின் அடியை வளைத்துப் பார்த்தலும் விற்போர் கடமை.

ஆயிரம் சட்டைகளை ஒருங்கே ஏற்றும் தொழிற்சாலை, சிலவற்றைத் தெரிந்தெடுத்துச் சோதித்து முழுத் தொகுதியையும் மதிப்பிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ? ஆனால் பாடசாலை திறக்கும் நாளுக்கென மகனுக்கு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கிய தாய்க்கு அந்த ஒரு சோடியே முழுப் பானை. அது பொருந்தாதாயின் அவளுடைய பணம் முடங்கும். பிள்ளை பழைய சப்பாத்தோடு வகுப்புக்குச் செல்வான்.

விற்போர் பக்கத்திலும் இழப்புச் சிறிதன்று. கடல் கடந்து சென்ற பொதி திரும்பி வரும் செலவு சில வேளைகளில் துணியின் விலையையே விஞ்சும். தையல் இயந்திரம் ஒன்றையே நம்பிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு அது ஒரு மாத உழைப்பின் ஊதியமாகவும் இருக்கலாம். வீண்பழி எழுமிடத்து அவள் எடுத்து வைத்த படமே அவளுக்குச் சாட்சி.

வாங்குவோருக்கும் ஒரு கடமை உண்டு. படம் வந்தவுடன் அதனைப் பெருக்கிப் பார்த்து, அளவை ஒப்பிட்டு, "அனுப்புக" என்றோ, "மாற்றுக" என்றோ தாமதமின்றி விடையளித்தல் வேண்டும். பார்க்காதிருந்துவிட்டுப் பின்னர்ச் சினத்தல் நீதியாகாது.

அன்று கோல்கொண்டா வணிகன் தன் கண்ணை நம்பினான். இன்று வாங்குவோர் முகமறியா ஒருவரின் கண்ணை நம்புகின்றார். அந்த நம்பிக்கை பழுதுபடாமற் பொருளைப் பார்த்து அனுப்புதற்குச் செலவாவது சில நிமிடங்களே.