எந்த எஞ்சின்?



நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டது என்று கேட்டமாத்திரத்தில், விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. செல்வர்களும் தொழிலதிபர்களும் வைத்துக்கொள்ளும் சிறிய ஜெட் விமானங்கள் பெரும்பாலானவற்றுக்கு, வால்பக்கத்தில் உடலை ஒட்டி இரண்டு எஞ்சின்கள் உண்டு. ஒன்று நின்றால் மற்றொன்றின் வலிமையால் விமானம் பறக்கும். முன்னிருந்த உயரத்தில் நிலைத்திருக்க இயலாமற் போகலாம். மெல்லக் கீழே இறங்கிப் பறக்கவேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் அபாயம் எங்கே? பெரும்பாலும் அவசரத்தில்.

எஞ்சின் நின்றவுடன் விமானி செய்யவேண்டிய முதற்காரியம் விமானத்தை நேராகச் செலுத்துவது. உந்துதல் குறைந்த பக்கமாக மூக்குத் திரும்பும். காலால் சுக்கான் மிதியை அழுத்தி அதைச் சீராக்கவேண்டும். எஞ்சின்கள் உடலை ஒட்டியிருக்கும் விமானத்தில் இத்திருப்பம் சிறிதே. ஆதலால் நின்றது எது என்பதை உடலுணர்வால் மட்டும் அறிவது எளிதன்று, கருவிகளைப் பார்க்கவேண்டும். ஒரு விமானி நெம்புகோலின்மேல் கையை வைத்து, “இடது எஞ்சின்தானே?” என்று கேட்கிறார். மற்றவர் தாமும் பார்த்து, “ஆம்” என்ற பின்னரே எரிபொருளை நிறுத்துகிறார்கள். இந்தச் சிறு கேள்விக்கு எவ்வளவு விலை என்று பாருங்கள்.

1989 ஜனவரி 8ஆம் நாள், இங்கிலாந்தில் ஒரு பெரிய பிரயாணி விமானத்தின் இடது எஞ்சினில் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானிகள் விரைந்து வலது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். தற்செயலாகப் புகையும் குறைந்தது. செய்தது சரியே என்று நம்பினார்கள். வலது எஞ்சினில் கோளாறு என்று தலைமை விமானி அறிவித்தபோது, இடப்புறம் நெருப்பைக் கண்ட பிரயாணிகள் இருந்தும் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. (கரும்பலகையில் நான் கணக்கைத் தவறாகப் போட்டபோது, தெரிந்தும் வாய் திறவாமல் இருந்த பிள்ளைகளை நானும் கண்டிருக்கிறேன்.) இறங்கும் தறுவாயில் பழுதான எஞ்சினும் கைவிட்டது. கெக்வொர்த் கிராமத்தருகே 47 பேர் மாண்டனர்.

இனி, சிறிய விமானம் ஒன்றின் கதை. 2017 ஜனவரி 7ஆம் நாள் மாலத்தீவிலிருந்து அபுதாபி நோக்கி, ஒன்பது பேருடன் சாலஞ்சர் 604 வகை விமானம் அரபிக்கடலின்மேல் பறந்துகொண்டிருந்தது. எதிரே, ஆயிரம் அடி மேலே, மாபெரும் ஏர்பஸ் 380 ஒன்று கடந்து சென்றது. பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து எழும் சுழற்காற்று பின்னால் மெல்லக் கீழிறங்கும். அதில் சிக்கிய சிறு விமானம் உருண்டு புரண்டு, ஏறக்குறைய 9,000 அடி வீழ்ந்தது. உள்ளே சிலர் காயமுற்றனர். நிலைகாட்டும் கருவிகளும் செயலிழந்தன. வானமும் நீலம், கடலும் நீலம்; எது மேல், எது கீழ்? விமானி மேகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார்!

விமானத்தை நிமிர்த்திய பிறகு, இடது எஞ்சினின் வெப்பம் எல்லை கடந்திருப்பதைக் கண்டு அதை நிறுத்தினார்கள். பின்னர்க் கையேட்டைப் புரட்டி, அதிலுள்ள முறைப்படியே கருவிகளில் சிலவற்றை மீட்டு, அந்த எஞ்சினையும் மறுபடி இயக்கினார்கள். அபுதாபி செல்லாமல் மஸ்கட்டில் இறங்கினார்கள். ஒன்பது பேரும் உயிர் பிழைத்தனர். விமானமோ பழுதுபார்த்துப் பயனில்லாதபடி சிதைந்திருந்தது.