தாத்தா, உங்க அப்பா என்ன வேலை செஞ்சாரு?

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நானும் இந்தப் பள்ளியில் படித்தவன்தான். பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்ல இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு நாளின் கதையை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

என் மகள் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறாள். போன ஆண்டு அங்கே போயிருந்தேன். பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்கு நாலு வயது. ஒரு சனிக்கிழமை, "அப்பா, இன்னைக்கு ராஜா காலத்துச் சந்தைக்குப் போறோம்" என்றாள் மகள். ஏதோ கண்காட்சி என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதற்கு 'மறுமலர்ச்சிச் சந்தை' என்று பெயர். ஐரோப்பாவில் சுமார் 14ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை கல்வியும் கலையும் புத்துயிர் பெற்ற காலத்தை மறுமலர்ச்சிக் காலம் என்பார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கிராமம் ஒன்றைக் காட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். ராஜா, ராணி, கோமாளி, குதிரை வீரன், கொல்லன், குயவன் எல்லாம் அந்தக் காலத்து உடையில் நடமாடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களும் பலர் வேடம் கட்டிக்கொண்டே வருகிறார்கள்.

இதை முதலில் தொடங்கியவர் யார் தெரியுமா? ஓர் ஆசிரியை! ஃபில்லிஸ் பேட்டர்சன் என்பது அவர் பெயர். கலிபோர்னியாவில் தம் வீட்டுத் தோட்டத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்து வந்தார். அந்த ஆர்வத்திலிருந்து வளர்ந்ததுதான் இது. 1963ஆம் ஆண்டு மே மாதம், நேயர்களின் ஆதரவில் நடந்த ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட, அவரும் அவர் கணவரும் இரண்டு நாள் சந்தை நடத்தினார்கள். அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் பிடித்துக்கொண்டன. மினசோட்டாவில் 1971இல், டெக்சாசில் 1974இல், மேரிலாந்தில் 1977இல் என்று பரவியது. இவை பெரும்பாலும் சனி ஞாயிறுகளில், சில வாரங்களுக்கு நடக்கும்.

நாங்கள் போன சந்தையில் ராஜா, எட்டாம் ஹென்றி. அவர் இங்கிலாந்தை 1509 முதல் 1547 வரை ஆண்டவர். மாணவர்களே, நம் சரித்திரப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511. அங்கே ஹென்றி பட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வேடம் கட்டி ஆடும் காலமும் மலாக்கா சுல்தானகம் விழுந்த காலமும் ஒன்றேதான்.

சரி, சந்தைக்குள் போவோம். நான் செய்த முதல் தவறு, குதிரை வீரர் போட்டிக்கு முன்வரிசையில் இடம் பிடித்தது. இரும்புக் கவசம் போட்ட இருவர் நீண்ட ஈட்டிகளோடு எதிரெதிராகக் குதிரையில் பாய்ந்து வந்து மோதுவார்கள். மேரிலாந்து மாநிலத்துக்குக் குதிரை ஈட்டி விளையாட்டுதான் 1962 முதல் அதிகாரப்பூர்வ விளையாட்டு என்றால் பாருங்கள்! குளம்புச் சத்தத்தில் பலகையெல்லாம் அதிர்ந்தது. ஈட்டி உடைந்து தெறித்ததும் பேத்தி வீறிட்டு அழுதாள். "இதுக்குப் போயி அழுவுறதா? சும்மா விளையாட்டுதானே!" என்று அதட்டினேன்.

மகள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அப்பா, நமக்குத்தான் அது விளையாட்டு. நாலு வயசுப் புள்ளைக்கு அது நிஜம்பா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் குழந்தையாக இருந்தபோது கோயில் திருவிழாவில் தீமிதி பார்த்து அழுதாள். அன்றைக்கும் நான் அதட்டத்தான் செய்தேன். அவள் மறக்கவில்லை போலும்.

அதற்குப் பிறகு எங்களை நடத்திச் சென்றது மகள்தான். சிறு பிள்ளைகளோடு இப்படிப்பட்ட இடத்துக்குப் போவது எப்படி என்று அவளிடம் கற்றுக்கொண்டேன். அமெரிக்கச் சந்தைக்கு மட்டுமல்ல, பத்துமலைத் தைப்பூசத்துக்கும் பொருந்தும் என்பதால் பெற்றோருக்குச் சொல்கிறேன். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் பாதி பார்த்துவிடலாம். மண்ணும் வைக்கோலும் கல்லுமாக இருக்கும் தரையில் நடக்க, காலை மூடும் சப்பாத்து வேண்டும். தண்ணீரும் தொப்பியும் மறக்கக் கூடாது. பிள்ளையின் கையில் தாய் தகப்பன் தொலைபேசி எண்ணை எழுதிவிட வேண்டும். வழி தவறினால் எங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே ஓர் இடத்தைக் காட்டிவிட வேண்டும். பெரிய சத்தம் வரும் ஆட்டத்தைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். சில மேடைகளில் பெரியவர்களுக்கான கேலிப் பேச்சும் உண்டு. அதைக் கேட்டறிந்து ஒதுங்கிப் போக வேண்டும். என்ன வாங்கித் தருவோம் என்பதை வீட்டிலேயே பேசிவிட வேண்டும். பேரனுக்கு ஒரு மரக்கத்தி, பேத்திக்குத் தலையில் வைக்கும் பூவளையம். அவ்வளவுதான். எல்லாவற்றையும் விட முக்கியம், பிள்ளை சிணுங்குவதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்பது நம் ஆசை. பிள்ளையின் ஆசை வேறு.

அங்கே பேரனுக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. வேடத்துக்காக வாள் கொண்டு வருகிறவர்கள் அதை உறையோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். உருவக் கூடாது. இவனும் தன் மரக்கத்தியை என் கைக்குட்டையால் கட்டச் சொல்லி, இடுப்பில் செருகிக்கொண்டான்.

எல்லாரும் வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டு போனார்கள். வான்கோழி அமெரிக்கப் பறவை. 1492இல் கொலம்பஸ் போன பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தது. நம் குழம்பில் போடும் மிளகாயும் அப்படி அங்கிருந்து போர்த்துகீசியர் வழியாக நம்மவர்களிடம் வந்ததே. "அப்ப அதுக்கு முன்னாடி நம்ம சாப்பாடு காரமாவே இருக்காதா?" என்று கேட்டான் பேரன். மிளகு இருந்ததடா என்றேன். வெள்ளைக்காரன் கப்பலேறி வந்ததே அந்த மிளகுக்குத்தானே!

ஓரிடத்தில் மரத்தாலான அச்சுப்பொறி இருந்தது. பேரன் கைப்பிடியை இழுத்து ஒரு தாள் அச்சடித்தான். அப்போது சொன்னேன்: "இதே மாதிரி காலத்துல, 1578ல, கொல்லத்துல நம்ம தமிழ் எழுத்துல 'தம்பிரான் வணக்கம்'னு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிச்சாங்க. பதினாறே பக்கம். இந்திய மொழிகள்ல முதல்ல சொந்த எழுத்துல அங்கே அச்சேறினது நம்ம தமிழ்தான்." அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். கொல்லுப்பட்டறைக்கு வந்தோம். உலையில் கரி கனன்றது. கொல்லர் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, பட்டறைக் கல்லில் வைத்து அடித்து ஒரு கொக்கி செய்தார். பேரன் நகரவே இல்லை. துருத்தியை ஊதட்டுமா என்று கேட்டான். அவர் தூரத்தில் நின்று ஊதும்படி கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அரைமணி நேரம்! ராஜாவின் ஊர்வலம் பின்னால் மேளத்தோடு போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டான்: "தாத்தா, உங்க அப்பா என்ன வேலை செஞ்சாரு?"

"தோட்டத்துல வேலை" என்றேன்.

"தோட்டத்துல என்ன வேலை? எப்படிச் செய்வாரு? செஞ்சு காட்டுங்க."

பெரியோர்களே, என் மகளுக்குக்கூட நான் அதைச் செய்து காட்டியதில்லை. பால்மரம் வெட்டியவர் மகன் என்று சொல்ல எனக்கு இருந்த வெட்கம் எனக்குத்தான் தெரியும். படித்தேன், உத்தியோகம் பார்த்தேன், அந்தக் கதையை அப்படியே மூடி வைத்தேன். அங்கேயோ, இரும்படிக்கும் மனிதனைச் சுற்றி ஒரு கூட்டம் வாய் பிளந்து நிற்கிறது!

அன்றிரவு ஒரு தாளைச் சுருட்டி மரமாக்கினேன். பென்சிலால் கோடு போட்டேன். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் சரிவாக இறங்க வேண்டும். பட்டையை மெல்லிசாய்ச் சீவ வேண்டும். ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் பட்டை சரியாக வளராது, கங்காணியிடம் ஏச்சு விழும். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்குப் போக வேண்டும். பிறகு மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா போட்டுத் தூக்கி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மழை பெய்தால் வேலை போச்சு.

பேரன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அப்ப உங்க அப்பாவும் அந்தக் கொல்லர் மாதிரி கெட்டிக்காரரு!" அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மகள் கையை நிறுத்திவிட்டாள். "ஏம்பா எங்கிட்ட இதெல்லாம் சொல்லல?" என்றாள். நான் என்ன பதில் சொல்வேன்?

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சந்தை அழகான பொய். உண்மையான ஹென்றி தம் மனைவியர் இருவரின் தலையை வெட்ட ஆணையிட்டவர். அந்தக் காலத்துக் கிராமத்தில் கொள்ளை நோயும் பசியும் இருந்தன. நாலு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை கேட்டால் சொல்லத்தான் வேண்டும். நம் கதையும் அப்படியே. லயத்து வாழ்க்கையை வேடம் கட்டி அலங்காரமாக்க வேண்டாம். குறைந்த கூலியையும், கொசுக்கடியையும், படிப்பை நிறுத்திய அக்காமார்களையும் சேர்த்தே சொல்லுங்கள். வேலையின் திறமை வேறு, வேலைக்காரனுக்கு நடந்த அநியாயம் வேறு. திறமைக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? அநியாயம் செய்தவன் அல்லவா வெட்கப்பட வேண்டும்!

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு நாள் இந்தத் திடலில் நம் சந்தை ஒன்று போடுங்கள். பால் வெட்டிய பெரியவர் ஒருவர் உளி பிடித்துக் காட்டட்டும். செம்பனைக் குலை தள்ளுகிறவர் எப்படித் தள்ளுவது என்று சொல்லட்டும். ஒரு பாட்டி தென்னங்கீற்று பின்னட்டும், இன்னொருவர் பூக்கட்டட்டும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். அதற்கு விமானச் சீட்டு வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். தாத்தா பாட்டியின் கையைப் பிடித்து, "நீங்க என்ன வேலை செஞ்சீங்க? செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். என் அப்பாவிடம் நான் கேட்கவில்லை.