பச்சை குத்திய கையும் அக்குளில் நெறிகட்டியும்

(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாட்டிமார் கையில் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இன்று கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்குச் சிவப்பு ரோஜா குத்திய கையோடு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் இதைப் பேசவில்லை.

எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவருக்கு அக்குளில் நெறிகட்டியது. கேன்சர் என்றால் அம்மா தாங்கமாட்டார் என்று இரண்டு மாதம் மறைத்தார். டாக்டரிடம் போனபோதும், கையில் பச்சை குத்தியதைச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டார். சோதனை முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

ஏன் சொல்ல வேண்டும்? குத்தும் மை தோலோடு நிற்பதில்லை. கொஞ்சம் உள்ளே போய் அக்குள், கவடு, கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் தங்குகிறது. சிலருக்குப் பல வருடம் கழித்து அந்த முடிச்சு வீங்கும். இன்னும் சிலருக்குக் குத்திய இடமே தடித்துக் கட்டியாகும். சிவப்பு மையில்தான் இது அதிகம். அந்தச் சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்கூட நிணநீர்ப் புற்றுநோய் போலத் தெரியலாம். உண்மையில் அது மைக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பு.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 30 வயதுப் பெண்ணொருவருக்கு இரண்டு அக்குளிலும் கட்டி வந்தது. புற்றுநோய் என்றே வைத்தியர்கள் சந்தேகித்தார்கள். முடிச்சை எடுத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு மை! 15 வருடத்துக்கு முன் முதுகில் குத்தியது. 2017இல் வைத்திய சஞ்சிகையில் வெளியான செய்தி இது.

அதற்காக, "பச்சை குத்தினதுதானே" என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. உண்மையான புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கலாம். தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சதைத் துண்டு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். சுண்ணாம்பு, ஆசிட் வைத்துச் சுடாதீர்கள்.

இரண்டு, மூன்று வாரத்தில் வற்றாத கட்டி, காரணமில்லாத காய்ச்சல், இரவு வியர்வை, உடம்பு மெலிவு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே காசு இல்லை. எப்போது, எந்த நிறத்தில் குத்தியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக்குப் போய்வந்தால் ஒரு பேர் போய்விடும் என்பது எங்களுக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் கட்டி வளர்கிறது. தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். துரையிடம் பேசுவதும் கூட வருவதும் சங்கத்தின் வேலை. மறைக்காமல் வந்து சொல்வது உங்கள் வேலை.