மேசை வாங்க முன் காலைப் பாருங்கோ

(எங்கள் சங்கத்தின் மகளிர் பிரிவு நடத்திய தையல் வகுப்பின் நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தையலைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். மெசினைப் பற்றி உங்கட ஆசிரியை எல்லாம் சொல்லித் தந்துவிட்டா. ஆகவே மெசினுக்குப் பக்கத்திலேயே நின்றும் ஒருவரும் கவனிக்காத ஒரு சாமானைப் பற்றி நான் பேசப்போகிறேன். அதுதான் உடுப்பு மினுக்கிற மேசை. அயன் மேசை என்றும் சொல்லுறம்.

‘இதில பேச என்ன கிடக்கு? கடையில மலிவாய்க் கிடைக்கிறதை ஒன்று தூக்கிக்கொண்டு வந்தால் சரிதானே’ என்று நீங்கள் நினைக்கலாம். இந்த நாட்டுக்கு வந்த எங்கட பெண்களில் கனபேர் வீட்டில் இருந்தபடியே தைத்து நாலு காசு பார்க்கிறவை. சாறிச் சட்டை தைக்கிறது, சாறிக்கு ஓரம் அடிக்கிறது, அரங்கேற்றத்துக்கு பரதநாட்டிய உடுப்புத் தைக்கிறது என்று வேலை இருக்குது. இப்படிப்பட்டவைக்கு அயன் மேசை வீட்டுத் தளபாடம் அல்ல, தொழிற்கருவி. அது ஆடினால் வேலை கெடும். அதோட முதுகும் கெடும்.

தையலில் பாதி மெசினில் நடக்கிறது, மற்றப் பாதி அயனில் நடக்கிறது. ஒரு பொருத்துத் தைத்தவுடன் முதலில் அதைத் தைத்தபடியே வைத்து அழுத்த வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் இரண்டு ஓரத்தையும் விரித்து அழுத்த வேண்டும். கடைசியாகத் துணியின் நல்ல பக்கத்தைத் திருப்பி அழுத்த வேண்டும். இப்படி ஒவ்வொரு பொருத்துக்கும் செய்த சட்டை கடைச் சட்டை மாதிரி இருக்கும். செய்யாத சட்டை, எவ்வளவு நேராகத் தைத்தாலும், ‘வீட்டில தைச்சது’ என்று தானே சொல்லிக் காட்டும். பரதநாட்டிய உடுப்பின் விசிறி மடிப்பை எண்ணிப் பாருங்கோ. பிள்ளை அரைமண்டியில் இருக்கும்போது அந்த மடிப்பு ஒரே அளவாக விரிய வேண்டும். மடிப்பு வைக்கிறபோது மேசை ஒருக்கால் அசைந்தால் கோடு கோணிப்போகும்.

இன்னொரு விசயம். உடுப்பு மினுக்கிறபோது அயனை முன்னும் பின்னும் இழுக்கிறம். தைக்கிறபோது அப்படி இல்லை. அயனைத் தூக்கி வைத்து, மேலிருந்து அழுத்தி, மீண்டும் தூக்க வேண்டும். இழுத்தால் துணி நீண்டுபோகும். மேலிருந்து அழுத்துகிற பாரத்தை மெல்லிய கால் தாங்காது. வீட்டு உடுப்புக்குப் போதுமான மேசை தையலுக்குப் போதாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஊரில் எங்கட வீடுகளில் சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டி இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கென்று தனி மேசை இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய கம்பளியை விரித்து, அதற்கு மேல் வெள்ளைத் துணியைப் போட்டுச் செய்தார்கள். மேசை பாரமான மரம், அசையாது. கம்பளி மெத்தென்று இருந்தாலும் அமுங்கிப் போகாது. வெள்ளைத் துணி பருத்தி, ஈரத்தை உறிஞ்சும். நல்ல அயன் மேசைக்கு வேண்டிய மூன்று குணமும் அதில் இருந்தது. அசையாத அடி, இறுக்கமான மெத்தை, பருத்தி உறை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கோ.

கடையில் எல்லோரும் முதலில் பார்க்கிறது உறையின் பூவையும் நிறத்தையும். உறையைப் பிறகு மாற்றலாம், காலை மாற்ற ஏலாது. ஆகவே முதலில் காலைப் பாருங்கோ. குழாய் தடிப்பாக இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒன்றை ஒன்று வெட்டுகிற இடத்தில் ஆணி இறுக்கமாக இருக்க வேண்டும். நிலத்தில் படுகிற குறுக்குக் குழாய்கள் அகலமாக இருக்க வேண்டும், நுனியில் றப்பர் மூடி இருக்க வேண்டும்.

அடுத்து, மேசையை விரித்து வைத்து மூன்று சோதனை செய்யுங்கோ. ஒன்று, இரண்டு கையாலும் நடுவில் நன்றாக அழுத்துங்கோ. பூட்டு வழுக்கி மேசை கீழே இறங்கினால் அதை விட்டுவிடுங்கோ. இரண்டு, பக்கத்தில் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கோ. சிறு அசைவு எல்லா மேசையிலும் இருக்கும், ஊஞ்சல் மாதிரி ஆடக்கூடாது. மூன்று, மூக்குப் பக்கத்தில், அதாவது ஒடுங்கின நுனியில் அழுத்துங்கோ. மறுபக்கக் கால் நிலத்தை விட்டுக் கிளம்பினால், அது பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு உதவாது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும், காசு எங்கடை.

பாரம் கூடிய மேசைதான் பொதுவாக ஆடாது. ஆனால் அதை ஒவ்வொரு நாளும் மாடிப்படியில் தூக்க வேண்டியிருந்தால், தூக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மடித்து வைத்தபின் தானாக விரியாமல் பிடிக்கிற கொளுக்கி இருக்குதா என்றும் பாருங்கோ.

இனி அளவு. இங்கே கடைகளில் கிடைக்கும் பிரபன்ரியா என்ற ஒல்லாந்துக் கம்பனி தன் மேசைகளுக்கு எழுத்துப் போட்டு விற்கிறது. ‘ஏ’ என்றால் 110 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம். ‘பி’ 124 நீளம், 38 அகலம். ‘சி’ 124 நீளம், 45 அகலம். ‘டி’ 135 நீளம், 45 அகலம். மற்றக் கம்பனிகளின் அளவு கொஞ்சம் வித்தியாசப்படும். ஆகவே உறை வாங்கப் போகும்போது உங்கட மேசையின் நீள அகலத்தை எழுதிக்கொண்டு போங்கோ.

எங்களுக்கு எது பொருத்தம்? சாறியை வைத்துக் கணக்குப் பார்ப்பம். சாறி ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளம், 115 சென்ரிமீற்றர் அளவில் அகலம். அகலத்தில் இரண்டாக மடித்தால் 57 வரும். 30 அகல மேசையில் அதன் பாதிதான் நிற்கும், மற்றது தொங்கும். பட்டுச் சாறி தன் பாரத்திலேயே வழுகி நிலத்துக்குப் போகும். 45 அகல மேசையில் பெரும்பகுதி மேலே நிற்கும். சாறியும் வேட்டியும் மினுக்குகிற, தையலும் செய்கிற வீட்டுக்கு 45 அகலம் நல்லது. இடம் இல்லாத பிளாற்றில் 38 போதும். 30 அகலம் தனி ஆளின் சேட்டுக்கு மட்டும்தான்.

மேல்தட்டு கம்பிவலையா, பலகையா? நீராவி அயன் பாவிக்கிறவர்கள் வலைத்தட்டு வாங்க வேண்டும். நீராவி துணிக்குள்ளால் கீழே போய்விடும், துணி கெதியாகக் காயும். அமுக்கிச் செய்த மரத்தூள் பலகை ஈரம் பட்டு ஊதிப்போகும். வலையின் அடையாளம் துணியில் பதியாதபடி மெத்தை கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். அதற்காக மொத்தமான ஸ்பொஞ்சுக்கு ஆசைப்படாதேங்கோ. அமுங்குகிற ஸ்பொஞ்சில் பொருத்து நேராகப் படியாது. கம்பளி அல்லது பருத்தி மெத்தைதான் நல்லது. வெள்ளி நிற உறை சூட்டைத் திருப்பி அனுப்பும், ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. தைக்கிறவர்களுக்குப் பருத்தி உறையே திறம்.

தண்ணீர்த் தாங்கி தனியாக வருகிற பெரிய நீராவி அயன் வைத்திருப்பவர்கள், அயன் வைக்கிற தட்டு அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பெட்டியில் வாசித்துப் பாருங்கோ. சாதாரண அயனுக்கென்று செய்த கம்பித்தட்டில் அதை வைக்கவே கூடாது.

உயரம் மிக முக்கியம். சப்பாத்தோ செருப்போ வீட்டில் போடுகிறதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கோ. அயனைப் பிடித்த கை மேசையில் இருக்கும்போது தோள் மேலே எழும்பக்கூடாது, முதுகு வளையக்கூடாது. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே மேசை இருந்தால் சரி. அம்மாவும் மகனும் ஒரே மேசையைப் பாவித்தால் ஆளுக்கு ஆள் உயரத்தை மாற்றுங்கோ, அதற்குத்தான் அந்தப் பிடி இருக்குது. நாரிப்பிடிப்பு உள்ளவர்கள் தாழ்த்தி வைத்துக் கதிரையில் இருந்து செய்யலாம். கட்டிலிலும் நிலத்திலும் குனிந்து நின்று செய்கிறவர்கள் கனபேர். மெத்தையில் அயன் நேராக நிற்காது, முதுகும் தாங்காது. அதை இன்றோட விடுங்கோ.

சாறிச் சட்டைக் கைக்கு எந்தப் பெரிய மேசையும் உதவாது. கை அவ்வளவு ஒடுக்கம். அதற்கு ஒடுங்கின சிறு கைப்பலகை வேண்டும். இந்தக் குறையை நூற்றாண்டுக்கு முன்பே கண்டவர் ஒரு தையற்காரி. பெயர் சாரா பூன். அமெரிக்காவின் வட கரோலைனாவில் 1832இல் அடிமைத்தனத்துக்குள் பிறந்த கறுப்பினப் பெண். பிறகு குடும்பத்தோடு வடக்கே நியூ ஹேவன் நகரத்துக்குப் போய், அங்கே உடுப்புத் தைத்துச் சீவித்தார். பெண்களின் சட்டைக் கையையும் உடலையும் மடிப்பு விழாமல் மினுக்கக்கூடிய ஒடுங்கின, வளைந்த பலகை ஒன்றை அமைத்து, 1892 ஏப்ரல் 26இல் அதற்கு அமெரிக்க அரசின் காப்புரிமை பெற்றார். இலக்கம் 473,653. பிறந்த இடத்தை விட்டுப் போன ஒரு பெண், தன் கைவேலையில் கண்ட குறையைத் தானே தீர்த்தார். இது எங்களுக்கும் ஒரு பாடம்.

கைப்பலகை வாங்க வசதி இல்லாவிட்டால், பழைய சஞ்சிகை ஒன்றை இறுக்கிச் சுருட்டி, பருத்தித் துணியால் சுற்றிக் கைக்குள் விடுங்கோ. சஞ்சிகை விரிந்து கையை நிரப்பும். எங்கட சங்க மலரை மட்டும் வாசித்து முடித்த பிறகு சுருட்டுங்கோ!

பாவித்த மேசை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய காலத்து மேசைகள் சிலவற்றில், அயன் வைக்கிற இடத்தில் அஸ்பெஸ்ரஸ் தகடு பதித்திருந்தார்கள். பிரித்தானியாவில் வெள்ளை அஸ்பெஸ்ரஸ் 1999இல்தான் தடை செய்யப்பட்டது. ஆகவே மிகப் பழைய மேசையில் சாம்பல் அல்லது வெள்ளை நிறத் தகடு இருந்தால் வாங்காதேங்கோ. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். எப்படி அகற்றுவது என்று கவுன்சிலிடம் கேளுங்கோ. வலை, கம்பித்தட்டு உள்ள புதுக்கால மேசை என்றால் கறளையும் பூட்டையும் பார்த்துவிட்டுச் சரிற்றிக் கடையிலும் வாங்கலாம். மானக்குறைவு ஒன்றும் இல்லை.

வீட்டில் மேசையை எங்கே வைக்கிறது என்பதும் பெரிய விசயம். சுவர்ச் சொக்கற்றுக்குக் கிட்ட வையுங்கோ. வயர் நடைபாதைக்குக் குறுக்கே போகக்கூடாது. ஹீற்றரும் அயனும் ஒரே நீட்டு வயரில் போட வேண்டாம். அதன் 13 அம்பியர் பியூஸ் ஏறத்தாழ 3000 வோற்ஸ்தான் தாங்கும், அயன் ஒன்றே அதில் பெரும்பங்கை எடுத்துவிடும். கதவு தட்டினாலும் ரெலிபோன் அடித்தாலும் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கோ. தப்பித் தவறிப் பிள்ளைக்குச் சுட்டுவிட்டால், உடனே ஓடுகிற குளிர்ந்த பைப் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கோ. ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். சிறு பிள்ளை என்றால், காயம் பெரிதென்றால், முகம் கை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

கடைசியாக ஒரு வார்த்தை. வீட்டில் பெரிய ரீவி வாங்கேக்க நாலு கடை ஏறி இறங்குகிறம். அம்மா மணிக்கணக்காக நின்று உழைக்கிற மேசைக்கு மட்டும் ‘மலிவாய் ஒன்று போதும்’ என்கிறம். மலிவு மேசை மூன்று வாங்குகிற காசுக்கு, வருசக்கணக்காக நிற்கிற ஒன்றை வாங்கலாம். பின்வரிசை அண்ணாமாரே, புதுவருசத்துக்கு வீட்டுக்காரிக்கு என்ன வாங்குகிறது என்று யோசிக்கிறீர்களா? நல்ல அயன் மேசை ஒன்றை வாங்கிக் கொடுங்கோ. கொடுத்துவிட்டு, உங்கட சேட்டை நீங்களே அதில் மினுக்குங்கோ. அப்போதுதான் பரிசு முழுமையாகும்.

சித்திரைப் புத்தாண்டில் புதுத்துணி கட்டும் உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகமும், உழைப்புக்கேற்ற வருமானமும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.