ராஜ வீதியை எத்தனை மணிக்கு அடைப்பது?



புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியை விடிகாலை ஐந்து மணிக்குப் பார்த்திருக்கிறீர்களா? பகலில் ஜவுளி எடுக்க, நகை வாங்க, பாத்திரம் வாங்க எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். நான் சொல்வது ஒரு கடையின் ஷட்டர்கூட ஏறாத நேரம். தெரு முனையில் நின்றால் மறுமுனை வரைக்கும் பார்வை நூல் பிடித்தாற்போல ஓடும். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவன் நான். அந்த வீதியில் வேலை வந்தால் நாங்கள் போவது அந்த நேரத்துக்குத்தான். சங்கிலியை நேராகத் தரையில் போட அப்போதுதான் இடம் கிடைக்கும்.

சங்கிலி என்றால் இளைய நேயர்களுக்கு விளங்காமல் போகலாம். இப்போதெல்லாம் கருவி ஒளியை அனுப்பியே தூரத்தைச் சொல்லிவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரும்புச் சங்கிலிதான். நீளம் 66 அடி, அதில் 100 லிங்க். பத்து லிங்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். முதல் வில்லைக்கு ஒரு பல், அடுத்ததற்கு இரண்டு பல், நடுவில் இருப்பது மட்டும் வட்டமாக இருக்கும். இருட்டில் விரலால் தடவியே எத்தனையாவது லிங்க் என்று சொல்லிவிடலாம். அதை இழுத்துப் பிடிக்க என்னோடு ஒரு சங்கிலி ஆள் வருவார். அந்தப் பெரியவர் ஒரு நாள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “சார், இந்நேரம் அளந்தா இது ராஜ வீதி. சாயங்காலம் வந்து அளந்தா சந்து.”

சாயங்காலம் அந்த வீதியில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் சாக்கடை மேல் போட்ட சிலாப்பில் கடைச் சாமான் ஏறிவிடும். அதை ஒட்டி இருசக்கர வண்டிகளின் வரிசை, அதற்கு முன்னால் தள்ளுவண்டி. மிச்சமிருக்கிற இடத்தில்தான் ஆட்டோ, கார், சரக்கு வண்டி, நடக்கிற சனம் எல்லாம். பண்டிகை நெருங்கினால் “வண்டிகளை விடாமல் தெருவை அடைத்துவிடுங்கள்” என்று ஒரு தரப்பு கேட்கும். “அடைத்தால் வியாபாரம் போய்விடும்” என்று இன்னொரு தரப்பு சொல்லும். சாலையை அடைப்பதும் அதனால் வருகிற சச்சரவும்தான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம். ஆனால் அந்தத் தெருக்கள் எப்படிப் பிறந்தன என்று சொல்லாமல் எனக்குப் பேச்சு ஓடாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட ஊர் இது. 1812 வாக்கில் ஊரில் பெருந்தீ பிடித்துக் கூரை வீடுகள் அழிந்தன. அப்போது ஆண்டவர் விஜய ரகுநாத ராய தொண்டைமான். எரிந்த ஊரைப் பழையபடியே கோணல்மாணலாகக் கட்டாமல், தெருவுக்குத் தெரு செங்கோணத்தில் வெட்டும்படி அகலமாகப் போட்டுக் கட்டினார்கள். நடுவில் அரண்மனை. அதைச் சுற்றிக் கிழக்கே, மேற்கே, தெற்கே, வடக்கே நான்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண் போட்டு அடுக்கினார்கள். கிராஸ் ஸ்டாஃப் என்ற கருவியை ஊன்றிச் செங்கோணம் பார்ப்பது எங்கள் வேலையில் அன்றாடக் காரியம். எத்தனையோ ஊரில் அதை ஊன்றியிருக்கிறேன். தெருமுனையில் நின்று அதன் பார்வைத் துளை வழியாகப் பார்க்கும்போது மனசு நிறைந்த ஊர் எனக்கு இது ஒன்றுதான். பின்னாளில் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி ஊரின் குளங்களையும் தெருக்களையும் செம்மைப்படுத்தினார் என்பதும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இப்படிப் போட்ட ஊருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு தெருவை அடைத்தால் பக்கத்திலேயே இணையாக இன்னொரு தெரு இருக்கும். வண்டி சுற்றிப் போகலாம். கோயிலைச் சுற்றி வளைந்து வளைந்து வளர்ந்த எத்தனையோ பழைய ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஆனால் தொல்லையும் அங்கேதான் இருக்கிறது. ராஜ வீதியில் அடைத்தால் கூட்டம் இரண்டாம் வீதிக்கு நகரும். அங்கே இருப்பது குடியிருக்கிற வீடுகள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற பாட்டியின் காலடியில் நான்கு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். கடைத்தெருச் சண்டை குடித்தெருச் சண்டையாக மாறிவிடும்.

அந்தக் காலத்தில் இந்த வீதிகளை அடைத்ததே இல்லையா? ராஜா காலத்து நவராத்திரியில் வீதிகள் நிறைய சனம்தான். அரிசியோடு அம்மன் காசும் கொடுப்பார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்று பொறித்த சின்னச் செம்புக் காசு. என் பாட்டி ஒன்றைச் சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்தாள். தேய்ந்து தேய்ந்து அம்மனின் முகம் மறைந்துபோய் வெறும் மேடாகத்தான் விரலுக்குத் தட்டுப்படும். இன்றைக்கும் மாசி மாதம் திருவப்பூர் மாரியம்மனுக்குப் பால்குடம் வரும்போது அந்தப் பக்கத்துச் சாலையில் வண்டியைத் திருப்பித்தான் விடுகிறார்கள். அதற்காகப் போலீஸ்காரரோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. பங்குனியில் நார்த்தாமலைக்கு நடந்து போகிற கூட்டத்தை எதிரே வருகிற லாரிக்காரர் திட்டுவதில்லை. சாமி காரியம் என்பதால் மட்டும்தானா? நாள்காட்டியில் இருக்கிற காரியம் என்பதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்த நாளில் அந்த வழி கிடையாது என்று எல்லோருக்கும் மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருக்கும். பேருந்தில் வருகிறவர் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுவார்.

சண்டை வருவது ராத்திரி முடிவெடுத்துக் காலையில் தடுப்பு வைக்கிறபோதுதான்.

இருபது வருடம் இருக்கும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் தெருவை எங்கே தடுக்கலாம் என்று அகலம் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் பேச்சு நடந்தது. ஜவுளிக்கடைக்காரர்கள், பாத்திரக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஒரே சத்தம். அடை என்கிறார்கள், அடைக்காதே என்கிறார்கள், அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. முனையில் பூ விற்கிற ஒரு பெரியம்மா கூடையை மடியில் வைத்துத் தொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் தம்பி, எத்தனை மணிக்கு அடைப்பீங்க?”

யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நானும் யோசித்திருக்கவில்லை. “ஏன் ஆத்தா?” என்றேன். “எனக்குக் கீரமங்கலத்துப் பூ. விடியக்காலம் பறிச்சு பஸ்ஸுல ஏத்தி விடுவாக. எட்டு மணிக்குள்ள மூட்டை என் கிட்ட வந்துடணும். அதுக்கப்புறம் நீங்க எத அடைச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. பூவுக்கு ஆயுசு ஒரு நாளு தம்பி.”

கீரமங்கலம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மல்லிகை, முல்லை, காக்கரட்டான் என்று அந்த மண்ணே பூவாக இருக்கும். பனி விலகுவதற்குள் பறித்துச் சந்தைக்கு வந்துவிடும்.

அந்தக் கேள்விக்குப் பிறகு ஒவ்வொருவராக நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜவுளிக்கடைக்குச் சரக்கு இறங்குவது காலை பத்து மணிக்கு. அதை ஏழு மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டால், முடியும் என்றார்கள். ஆட்டோக்காரர்களுக்கு ராணியார் மருத்துவமனைக்குப் பிரசவக் கேஸ் ஏற்றிப் போக எந்நேரமும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்குப் பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிற நாலு, நாலரை மணி முக்கியம். ஆலங்குடியிலிருந்தும் அன்னவாசலிலிருந்தும் துணி எடுக்க வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என் வரைபடத்தின் ஓரத்தில் இதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அகலத்தை அளந்து பழகிய கைக்கு அன்று நேரத்தை அளக்கிற வேலை. சாயங்காலம் ஐந்திலிருந்து இரவு பத்து வரை கீழ ராஜ வீதியில் நான்கு சக்கர வண்டி வேண்டாம், இரண்டாம் வீதியில் ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்தலாம், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு குறுக்குத்தெருவைக் காலியாக விடுவது என்று முடிந்தது. எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். பாத்திரக்கடைக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போனார். ஆனால் அந்தத் தீபாவளிக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் யாரும் தடுப்பைப் பிடுங்கிப் போடவில்லை.

நேயர்களே, இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 115ஆம் பிரிவு. பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி கருதியோ சாலையின் தன்மை கருதியோ ஒரு சாலையில் வண்டிகளைத் தடுக்க அரசுக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேல் போகாத தடை என்றால் அரசிதழில் போட வேண்டியதில்லை. ஆனால் சூழ்நிலை அனுமதிக்கிற அளவுக்கு உள்ளூரில் அதை விளம்பரப்படுத்தியே ஆக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நம் ஊர் வழக்கில் அதற்குப் பெயர் தண்டோரா. தடுப்பு வைத்த பிறகு தெரிந்துகொள்வதை விளம்பரம் என்று சொல்ல முடியாது. தள்ளுவண்டிக்காரர்களுக்கும் 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பேராவது தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது அது. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று பேசுகிற இடத்தில் அவர்களுக்கும் நாற்காலி உண்டு.

மற்ற ஊர்க் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் ஓடுகிறது. சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரை 2019 நவம்பரில் நடப்பவர்களுக்கான வீதியாகத் திறந்தார்கள். அங்கேயும் முதலில் வண்டியே வேண்டாம் என்ற பேச்சு, வியாபாரிகளின் அச்சம், பிறகு நடைபாதையை நன்றாக அகலமாக்கி வண்டிக்கும் ஒரு பாதை விட்ட ஏற்பாடு. தென்கொரியாவின் சியோல் நகரில் 2003இல் ஒரு மேம்பாலச் சாலையையே இடிக்க ஆரம்பித்தார்கள். ஊர் ஸ்தம்பித்துவிடும் என்று பயந்தவர்கள் ஏராளம். அதே காலத்தில் பேருந்துகளுக்குத் தனிப்பாதை போட்டுப் போக்குவரத்தைச் சீர் செய்தார்கள். 2005இல் அந்தச் சாலை இருந்த இடத்தில் ஓடை ஓடியது. வழியை அடைக்கிறவர்கள் வேறு வழியையும் கூடவே கொடுக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திருவப்பூர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது. அன்றிலிருந்து கேட் மூடுவதும் நாம் நிற்பதும் பழக்கமாகிவிட்டது. திருவப்பூர் கேட்டிலும் கருவேப்பிலான் கேட்டிலும் ஆம்புலன்ஸ் நின்று அலறுவதைக் கேட்டவர்களுக்கு மேம்பாலம் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து கிடையாது. அந்தக் கோரிக்கைக்கு வயது நிறைய. ஆனால் பாலம் கட்டுகிற காலத்தில் சாலை மாதக்கணக்கில் அடைபடும், ஓரத்துக் கடைகளுக்கு வழி போகும். அவர்களை எதிரிகளாகப் பார்க்காமல் முதல் நாளே கூப்பிட்டுப் பேச வேண்டும். சர்வே கல் நடுவதற்கு முன்னால் பேசினால் ஒரு பேச்சு. கல் நட்ட பிறகு பேசினால் அது வழக்கு. முப்பத்திரண்டு வருடத்தில் நான் கண்ணால் கண்டது இது.

1912இல் நகராட்சியான ஊர் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வண்டிகள் இன்னும் பெருகும், அடைப்புகளும் பெருகும். என் நேரமும் முடிகிறது, அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி உங்கள் தெருவில் சாலையை அடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டால் ‘ஏன்’ என்று கோபப்படுவதற்கு முன்னால் ‘எத்தனை மணிக்கு, எந்தத் தேதி வரைக்கும், மாற்று வழி எது’ என்று கேளுங்கள். அந்த மூன்றும் தடுப்புப் பலகையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் தெருமுனையில் பூ விற்கிற அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவருக்கு மூட்டை எப்போது வருகிறது என்று.