பல்கலைக்கழகம் நம் கட்டுத்தரைக்கு வரட்டும்!

(கால்நடை வளர்ப்போர் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தின் கால்நடை அறிவியல் துறை இனி எந்தத் திசையில் போக வேண்டும்? இதைப் பேசத்தான் கூடியிருக்கிறோம். "அது படித்தவர்கள் விஷயம், மாடு மேய்க்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் துறை இன்று எதை ஆராய்கிறதோ அதுதான் பத்து வருஷம் கழித்து நம் கட்டுத்தரையில் நிற்கப் போகிறது. நமக்கு வேலை இல்லாமல் வேறு யாருக்கு?

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. அதற்குக் கடமைகள் மூன்று: கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம். விரிவாக்கம் என்பது பெரிய வார்த்தை. நம்ம பேச்சில் சொன்னால், கண்டுபிடித்ததைக் கொண்டுவந்து கொட்டகையில் சேர்ப்பது. அவ்வளவுதான்.

நல்லதே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறோமே, அது நம் பாட்டிமார்களிடம் இருந்த வைத்திய முறைதான். தஞ்சாவூர் மையத்தில் இருந்த பேராசிரியர்கள் இப்படிப்பட்ட மூலிகை வைத்தியத்தைக் கேட்டு, ஆராய்ந்து, அளவு வகுத்து, நம்மிடமே திருப்பிக் கொடுத்தார்கள். தேசியப் பால்வள வாரியம் அதை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டு போனது. கிராமத்தில் கேள், கூடத்தில் சோதி, கிராமத்துக்கே திருப்பிக் கொடு. நாம் கேட்கும் திசை இதுதான்.

எதை வைத்து அளப்பது?

ஒரு மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கறந்தது போகக் கையில் என்ன மிஞ்சியது என்று யார் கேட்கிறார்கள்? உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் என்பது பொதுவான கணக்கு. இருபது லிட்டர் கறக்கிற மாட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்பதரை கிலோ ஆச்சு. எட்டு லிட்டர் மாட்டுக்கு ஐந்து கிலோவுக்குள் முடிஞ்சது. இதோடு சோளத்தட்டு, பசுந்தீவனம், சித்திரை வெயிலில் கலப்பின மாட்டுக்கு வருகிற மூச்சிரைப்பு, வைத்தியச் செலவு எல்லாம் இருக்கு. தண்ணீர் இருக்கிறவனுக்கு இருபது லிட்டர் மாடு கட்டுபடியாகலாம். மானாவாரிக்காரனுக்கு எது கட்டும்? அவன் நிலத்தில், அவன் தீவனத்தில் வைத்துச் சோதித்துச் சொல்ல வேண்டியது துறையின் வேலை.

2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாய் ஆனது. அந்த மூன்று ரூபாய்க்கு எத்தனை மனு, எத்தனை மறியல்! தீவனச் செலவில் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைக்க வழி சொன்னால் அதுவும் விலை ஏற்றம்தானே?

சினை ஊசி விஷயத்தைப் பாருங்கள். காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் வந்ததுக்கு மறுநாள் காலை. இது தெரியாமலும், தெரிந்தும் ஆள் வராமலும் ஒரு பருவம் தவறினால் அடுத்தது 21 நாள் கழித்து. அதுவரை தீவனம் போட்டது யார்? அந்த நஷ்டம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

இனம் இருந்தால் போதுமா? மேய்ச்சல் வேண்டாமா?

காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டுமாட்டுப் பெயர்கள் எல்லோர் வாயிலும் வந்தன. பர்கூர் மாட்டுக்கும் புலிக்குளம் மாட்டுக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மேச்சேரி ஆட்டுக்குப் பொட்டனேரியில் இருக்கிறது. வரவேற்கிறோம்.

ஆனால் பர்கூர் மாடு பட்டி மாடு. மலங்காட்டில் மேய்ந்து வளர்ந்த இனம். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் வனத்தில் மேய்ச்சலுக்குத் தடை சொன்னது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2024 ஜனவரியில் பர்கூர் மலைக்காடுகளைச் சேர்த்துத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அப்படியானால் பட்டிக்காரன் எங்கே போவான்? ஒரு கையால் இனத்தைக் காப்பாற்றி, மறு கையால் அதன் மேய்ச்சலை மூடினால், நிலையத்தில் நாலு மாடு நிற்கும், ஊரில் ஒன்றும் நிற்காது. மேய்ச்சல் காட்டுக்கு என்ன செய்கிறது, நல்லதா கெட்டதா என்று அளந்து, அரசிடமும் நீதிமன்றத்திடமும் சொல்லத் தகுதியான இடம் பல்கலைக்கழகம். அது வாய் திறக்க வேண்டும்.

நம் கொறங்காடும் அப்படித்தான். கிளுவை வேலி, வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல் மூன்றும் சேர்ந்துதான் காங்கேயம் மாடு. காட்டை விற்றுவிட்டு விந்துக்குச்சியை மட்டும் பத்திரப்படுத்தி என்ன பயன்?

நம் கோரிக்கைகள்

1. ஆராய்ச்சித் தலைப்புகளை முடிவு செய்யும் குழுவில் சிறு கால்நடை வளர்ப்போருக்கு இடம் கொடு. அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் அவர்கள்தான்.
2. ஒவ்வொரு ஆண்டும் எதை ஆராய்ந்தோம், என்ன கண்டோம் என்று தமிழில் அச்சிட்டுப் பால் சொசைட்டிதோறும் ஒட்டு.
3. சோதனைகளை நம் கொட்டகையிலும் நடத்து. நஷ்டம் வந்தால் ஈடு கொடு.
4. லிட்டர் கணக்கோடு மிச்சக் கணக்கையும் வெளியிடு.
5. கொறங்காடு, மேய்ச்சல் புறம்போக்கு, மலைமேய்ச்சல் பற்றி ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை கொடு.
6. பயிற்சிக் காலத்தில் மாணவர்கள் சில மாதமாவது கிராமத்தில் தங்கட்டும்.

தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு எதிரான போராட்டம் அல்ல. நம்மிடம் மாடு இருந்தால்தான் உங்கள் படிப்புக்கு வேலை. பேராசிரியர்களும் நமக்கு எதிரிகள் அல்ல. அவர்கள் தோளில் கை போட்டு அழைத்து வரத்தான் வாசலில் போய் நிற்கிறோம்.

வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பால் கணக்கு அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். அதைவிட நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை கிடையாது.

லிட்டரை மட்டும் எண்ணாதே! மிச்சத்தையும் எண்ணு!
மாட்டைக் காப்போம்! மேய்ச்சலைக் காப்போம்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!