கீழே விழாமல் இருக்க ஒரு கிண்ணம் தயிர்

வீட்டில் பெரியவர்கள் விழுந்துவிட்டால் வழுக்கும் தரையைக் குறை சொல்கிறோம். குளியலறையில் கைப்பிடி வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் சாப்பாட்டுத் தட்டை யாரும் பார்ப்பதில்லை. கால் இடறும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அந்தத் தசைக்குப் புரதம் வேண்டும். வயது ஏற ஏற, புரதத்தைத் தசையாக மாற்றும் திறன் குறையும். அதனால் தேவை கூடும். நாமோ, “வயசாச்சு, ரெண்டு இட்லி போதும்” என்று நிறுத்திவிடுகிறோம். சாப்பாட்டைக் கூட்டினால் பலன் உண்டா என்று ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் சோதித்தார்கள். பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி கூடுதலாகக் கொடுத்தார்கள். மற்றவற்றில் வழக்கமான சாப்பாடு. இரண்டு ஆண்டு பார்த்தார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. கூடுதலாகக் கொடுத்த இல்லங்களில் எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விழுவதும் குறைந்தது, ஆனால் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

வைட்டமின் டி மாத்திரை போட்டால் போதாதா என்று கேட்கலாம். அதே ஆஸ்திரேலியாவில், வயதான பெண்களுக்கு வைட்டமின் டி மருந்தை ஆண்டுக்கு ஒருமுறை மிகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவது குறையவில்லை, கூடியது! மருத்துவர் சொன்ன மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதே என்றால், தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். முட்டை, மீன், பருப்பு, சுண்டலிலும் புரதம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். மற்றவர்கள், இன்று காலை இட்லியோடு ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் தயிரோ அம்மா அப்பாவுக்கு வையுங்கள்.